ஒரு பாதப் புண்ணும் 1,850 ரூபாய் பாக்கியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கால் போனதற்காக ஒரு டாக்டர்மேல் போட்ட இந்த வழக்கில் நான் டாக்டர் தரப்பில் உட்கார்ந்து ஃபைல் படித்தவன். அரசுப் பணியில் அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று காரைக்குடியில் இருக்கிறேன், சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது வக்கீல் நோட்டீஸ் வந்தால் கேஸ் ஷீட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சாயந்தரம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அதனால் நான் நடுநிலைக்காரன் என்று நினைத்துப் படிக்க வேண்டாம். ஆள், ஊர், வருடம் எதுவும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன், இரண்டு தரப்புக்கும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நோயாளி 62 வயதுப் பெரியவர். சர்க்கரை வந்து 14 வருடம். மாத்திரை ஒழுங்காகப் போடுவார், ஆனால் விசேஷ வீட்டில் கவுனி அரிசி இனிப்பைக் கண்டால் ஒதுக்கமாட்டார் (இந்த ஊரில் யார் ஒதுக்குகிறார்கள், நானே ஒதுக்குவதில்லை). தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து பழனிக்கு வருடம் தவறாமல் காவடிகளோடு நடப்பவர், செருப்புப் போடமாட்டார். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று தார் ரோட்டில் போகும்போது எங்கேயோ வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்பளம் வந்து உடைந்திருக்கிறது. வலிக்கவில்லை. சர்க்கரைக்காரர் காலில் புண் வந்து வலிக்கவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை, நரம்பு மரத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். அவர் நடந்து முடித்து, சாமி கும்பிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே நடமாடியிருக்கிறார். ஒரு நாள் காலையில் வீட்டுக் கூடமான பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரை மேல் வலது கால் பட்ட இடமெல்லாம் ஈரத் திட்டு இருப்பதை மருமகள் பார்த்து, முதலில் யாரோ தண்ணீர் சிந்தியதாக நினைத்துத் துடைத்திருக்கிறார். துணியில் வாடை அடித்த பிறகுதான் மாமாவின் காலைத் திருப்பிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை பக்கத்தில் இருந்த பதினைந்து படுக்கை நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய பொது அறுவை மருத்துவர், கைத்தொழில் சுத்தமானவர், இதை நான் சும்மா சொல்லவில்லை, அவர் ஆபரேஷன் செய்து நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை 312. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு மாத்திரை எழுதினார். திங்கட்கிழமை புண் பரவியதால் அட்மிஷன், ஊசி மருந்து, இன்சுலின். செவ்வாய்க்கிழமை செத்த சதையை வெட்டி எடுத்தார். வியாழக்கிழமை சாயந்தரம் பாதம் சில்லென்று இருந்ததைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், மதுரைக்குப் போய் ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள் என்று மகனிடம் வாயால் சொல்லியிருக்கிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை பங்காளி வீட்டுக் கல்யாணம். பெரியவர் முன்னால் நின்று நடத்த வேண்டிய கல்யாணம். முடித்துவிட்டுப் போகிறோம் என்றார்கள், சரி என்று வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு டிஸ்சார்ஜ். கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘டிஸ்சார்ஜ். திங்கட்கிழமை மறுபடி வரவும்.’ அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு வந்தார், மூன்று விரல் கறுத்திருந்தது. அன்றைக்கே ஆம்புலன்ஸில் மதுரை. வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், உயிர் பிழைத்தார்.

நோட்டீஸ் எங்கே பிறந்தது

டாக்டர்கள் கூடிப் பேசும் இடத்தில் இப்படி ஒரு கேஸைச் சொன்னால், எல்லாம் காசுக்காகப் போடுகிற வழக்கு என்று உடனே நாலு பேர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஃபைலைத் திறந்தேன். தேதிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கால் போன நாளுக்கும் நோட்டீஸ் வந்த நாளுக்கும் நடுவில் நாலு மாதம் இருந்தது, அந்த நாலு மாதத்தில் மகன் மூன்று தடவை நர்சிங் ஹோம் படியேறி வந்திருக்கிறார்.

விதை விழுந்தது என்னவோ மதுரையில்தான். அட்மிஷன் போட்ட டூட்டி டாக்டர் காலைப் பார்த்ததும், “இத்தனை நாள் அங்கே என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?” என்று கேட்டிருக்கிறார். சின்னப் பையன், தூக்கமில்லாத ராத்திரி டூட்டி, வாயில் வந்ததைக் கேட்டுவிட்டான். நானும் வாழ்நாளில் இருபது தடவையாவது இதையே கேட்டிருப்பேன், அதனால் அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து வந்த நோட்டீஸ்களில் பாதிக்கு மேல் இப்படி இன்னொரு டாக்டரின் வாயில் இருந்துதான் ஆரம்பித்திருக்கின்றன. போதாததற்கு மதுரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தாமதமாக வந்தவர்’ என்று ஒரு வரி. டாக்டர் அதைப் படித்தபோது நோயாளி தாமதித்தார் என்று படித்தார், மகன் படித்தபோது டாக்டர் தாமதப்படுத்தினார் என்று படித்தார். வரி ஒன்றுதான்.

முதல் தடவை மகன் வந்தது கேஸ் ஷீட் நகல் கேட்டு, இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று. ரிசப்ஷனில் இருந்த பெண், “டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க அண்ணே, அப்புறம் வாங்க” என்றாள். இரண்டாவது தடவை வந்தபோது டாக்டர் ஊரில் இல்லை, அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து, “அண்ணே, அப்பா பேர்ல 1,850 ரூபாய் பாக்கி நிக்குது, அதைக் கட்டிட்டீங்கன்னா எடுத்துத் தரச் சொல்றேன்” என்றாள். மொத்த பில் 23,400, கல்யாண அவசரத்தில் 21,550 கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள்மேல் தப்பில்லை, பாக்கி இருந்தால் கேள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் மகன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அப்பச்சிக்குக் கால் போய்விட்டது, வீட்டில் ஆத்தா சாப்பிடாமல் கிடக்கிறார், இங்கே வந்தால் 1,850 ரூபாய் கேட்கிறார்கள். அவர் பணத்தைக் கட்டவில்லை, வாக்குவாதம் செய்யவில்லை, திரும்பிப் போய்விட்டார். இப்படி அமைதியாகத் திரும்பிப் போகிறவர்களைத்தான் நான் பயப்படுவேன், கத்துகிறவர் கத்திவிட்டு ஆறிவிடுவார்.

மூன்றாவது தடவை டாக்டர் அறையில்தான் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது, மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரிந்தது. என்னிடம் அவரே ஒப்புக்கொண்டார், “என்ன பேசறதுன்னு தெரியல சார், பின்பக்கமா வீட்டுக்குப் போயிட்டேன்.” மகன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். பின்பக்கக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதா என்று பிற்பாடு நான் அவரிடமே கேட்டேன். கேட்டது என்றார்.

மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை ஆரம்பித்த நாளில் இருந்து மூன்று வருடமாவது வைத்திருக்க வேண்டும். பாக்கி இருந்தால் தர வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. நகல் எடுக்க முப்பது ரூபாய் ஆகியிருக்கும். அந்த முதல் நாளிலேயே டாக்டர் பத்து நிமிஷம் உட்கார்ந்து, இப்படி நடந்தது, நான் இதைப் பார்த்தேன், இதைச் சொன்னேன், காலை நினைத்து எனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று பேசியிருந்தால் நோட்டீஸ் வந்திருக்காது என்று மகனே சொல்கிறார். வருத்தம் தெரிவித்தால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று டாக்டர்கள் மத்தியில் ஒரு பயம் உண்டு. நடந்ததற்கு வருத்தப்படுவது வேறு, தப்பு என்மேல் என்று எழுதிக் கொடுப்பது வேறு.

பேனாவைக் கீழே வை

நோட்டீஸ் வந்த மறுநாள் ராத்திரி எட்டரை மணிக்கு அவர் என் திண்ணைக்கு வந்தார். கேஸ் ஷீட்டை விரித்தார். வியாழக்கிழமைப் பக்கத்தில் ‘டாப்ளர் பார்க்கவும்’ (ரத்தக் குழாயில் ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) என்று கோழிக் கிறுக்கலாக ஒரு வரி, அதற்குக் கீழே வெள்ளிக்கிழமை ‘டிஸ்சார்ஜ்’ என்ற வரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. அவர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார், அதே நீல மை.

“சார், மதுரைக்குப் போகச் சொன்னது நிஜம். ஒரு வரி எழுதிக்கவா? பொய் இல்லையே.”

“பேனாவைக் கீழே வைப்பா” என்றேன்.

நல்ல வேளை. இரண்டாவது தடவை வெறுங்கையோடு திரும்பியபோது மகன் வார்டுக்குப் போய் தெரிந்த ஆயாவிடம் சொல்லி மொத்த கேஸ் ஷீட்டையும் மொபைலில் போட்டோ எடுத்து வைத்திருந்தார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த ஒரு வரி சேர்ந்திருந்தால், வழக்கு அலட்சியத்தில் இருந்து ஆவணத் திருத்தத்துக்குப் போயிருக்கும், அதற்கப்புறம் அவர் சொல்லும் எந்த உண்மையையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். விட்டுப்போனதைச் சேர்க்கவே கூடாது என்று இல்லை. சேர்க்கும் நாளின் தேதியும் நேரமும் போட்டு, இது பிற்பாடு எழுதுவது என்று வெளிப்படையாக எழுதிக் கையெழுத்துப் போடலாம். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி விட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளை மை தடவுவதும் பக்கத்தைக் கிழித்து அழகாக மறுபடி எழுதுவதும் தற்கொலை. அதுவும் நோட்டீஸ் வந்த பிறகு செய்தால் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் நான் கேட்டேன், சிஸ்டர்கள் டூட்டி மாறும்போது எழுதும் ரிப்போர்ட் நோட்டு எங்கே? அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. மறுநாள் லேபர் ரூம் அலமாரியில் பழைய காலண்டர்களுக்கு அடியில் கிடைத்தது, நீள நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. வியாழக்கிழமை ராத்திரிப் பக்கத்தில் உருண்டையான பள்ளிக்கூடக் கையெழுத்தில் தமிழில் இருந்தது: ‘பெட் 4. 8.10. சுகர் 274. கால் சில்லுனு இருக்கு. டாக்டர் வந்து பார்த்தார். மதுரை போகணும், ரத்த ஓட்டம் பாக்கணும்னு சொன்னார். மகன் நாளைக்குக் கல்யாணம் முடிச்சுட்டுப் போறோம்னு சொன்னார். இன்சுலின் போட்டாச்சு.’

டாக்டர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நான் அவரை அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். ‘கால் சில்லுனு இருக்கு.’ காப்பாற்றுகிற வரிக்கு முந்தின வரி குத்துகிற வரி. கால் சில்லென்று இருந்தது உங்கள் மருத்துவமனைக்கே தெரிந்திருக்கிறது, அப்படியானால் மறுநாள் காலை எப்படி வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று எதிர்த் தரப்பு கேட்காமல் விடுமா? அப்படியே கேட்டார்கள். ஆனாலும் முழுப் பக்கத்தையும் கொடுக்கச் சொன்னேன். உண்மையான ஆவணம் நமக்குச் சாதகமான வரிகளை மட்டும் கொண்டிருக்காது, அதனால்தான் அதை நம்புகிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது 1995-இல், இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது, கட்டணம் வாங்கினால் பொருந்தும். 2019-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லை, அதனால் தப்பித்தோம் என்று கொஞ்ச நாள் வாட்ஸ்அப்பில் கொண்டாடினார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றம் அதெல்லாம் இல்லை, நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டது. 2024-இல் வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பு வந்தபோது எங்கள் ஆட்கள் விட்ட பெருமூச்சு கீழப்பூங்குடி வரை கேட்டிருக்கும்.

பெரியவர் தரப்பு கேட்டது 20 லட்சம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டார்கள், கட்டணம் ஒரு பைசா இல்லை. இப்போதைய விதிப்படி கட்டணத்தைக் கணக்கிடுவது கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, நோயாளி கட்டிய பணத்தை வைத்து, அது 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. காரணம் நிகழ்ந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டாக்டர்கள் கோட்டை விடும் இடம் வேறு: ஆணையத்தில் இருந்து வரும் அறிவிப்புக்கு 30 நாளில் பதில் போட வேண்டும், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடித்து வைத்துவிட்டது. கவரைப் பிரிக்காமல் மேஜை டிராயரில் போட்டு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமரசமாக முடிக்கலாமே என்று இரண்டு பக்க வக்கீலுக்கும் தோன்றியது. ஆனால் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் சமரச விதிகளில், மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட மருத்துவ அலட்சிய வழக்கை ஆணையத்தின் சமரச மையத்துக்கு அனுப்பக் கூடாது என்று இருக்கிறது. கால் போவது கொடுங்காயம். ஆக ஆணையம் வழியாக அந்தக் கதவு இல்லை, பேசித் தீர்க்க இருந்த நேரம் அந்த மூன்று வருகைகள்தான்.

போலீஸுக்கும் ஒரு மனு போனது. இன்ஸ்பெக்டர் விவரம் தெரிந்தவர், அரசு டாக்டரிடம் கருத்து வாங்காமல் எஃப்.ஐ.ஆர். போடமாட்டேன் என்றார். 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது: குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும், விசாரணை அதிகாரி அந்தத் துறை தெரிந்த, சார்பில்லாத டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும், எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது. மரணம் நேர்ந்தால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, மருத்துவச் செயல்முறையின்போது பதிவு பெற்ற மருத்துவரின் அலட்சியத்தால் என்றால் இரண்டு வருடம் வரை சிறை. இங்கே மனு அதோடு நின்றது.

நுகர்வோர் ஆணையத்தில் அளவுகோல் வேறு. நோயாளிமேல் கடமை இருந்ததா, அதில் தவறினாரா, அந்தத் தவறால்தான் நஷ்டம் வந்ததா. தவறினாரா என்பதை அளக்க 1957-இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் வந்த அளவுகோலை இன்னும் வைத்திருக்கிறோம்: அதே துறையில் பொறுப்புள்ள சராசரி டாக்டர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? மிகச் சிறந்த டாக்டர் என்ன செய்வார் என்று கேட்பதில்லை. பலன் கெட்டுப்போனதாலேயே அலட்சியம் ஆகிவிடாது, நோயாளிகளுக்கு இது புரிவது கஷ்டம். டாக்டர்கள் புரிந்துகொள்ள மறுப்பது, ஒவ்வொரு வழக்கிலும் எதிர்த் தரப்பு நிபுணர் சாட்சி கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை, 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் அதுவும் முடிந்த விஷயம்.

நாடி தொட்டாரா

கடைசியில் வழக்கு நின்றது நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. மதுரைக்கு அனுப்பினாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் போகும் என்று நினைத்தேன். அந்த சிஸ்டர் கல்யாணமாகித் திருப்பூர் போயிருந்தார், தேடிப்பிடித்து அபிடவிட் வாங்கினோம், எழுத்து மூலம் கேட்ட கேள்விகளுக்கு, நான் எழுதினதுதான், அன்னிக்கு என்ன நடந்துச்சோ அதை எழுதினேன் என்று பதில் சொன்னார். ஆணையம் அதை நம்பியது. வியாழக்கிழமை ராத்திரி மதுரைக்குப் போகச் சொன்னது நிரூபணம் என்று எடுத்துக்கொண்டது.

சிக்கியது சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும். 14 வருடச் சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் புண் என்றால் பாதத்தின் மேல்புறம் ஒரு நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி, இரண்டையும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், இது எம்.பி.பி.எஸ். பாடம். ரத்தம் வருகிறதா என்று தெரியாமல் சதையை வெட்டினால் அந்தப் புண் ஆறாது. டாக்டர் தொட்டுப் பார்த்தேன், லேசாக இருந்தது என்கிறார். எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும், லேசாக இருந்தது என்றால் அன்றைக்கே டாப்ளருக்கு ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். நான் தனியாக அவரிடம் கேட்டேன், நிஜமாகத் தொட்டாயா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓ.பி.யில் அன்னிக்கு எழுபது பேர் சார்” என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதற்காகத்தான் சொல்கிறேன், எழுதினால் போதும், எழுதினால் தப்பிக்கலாம் என்று வகுப்பெடுக்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். எழுதும் பழக்கம் வேண்டியது வக்கீலுக்காக இல்லை. ‘பாத நாடி: மேல் __, பின் __’ என்று ஓ.பி. சீட்டில் ஒரு கட்டம் அச்சடித்திருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பவாவது கை காலுக்குப் போகும். காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று கணிக்கப் பார்க்கும் கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது, பல வருடச் சர்க்கரையில் ரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், விகிதம் நல்லபடியாகக் காட்டிக் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது, ஒப்புதல் படிவம். சதை வெட்டியதற்குப் பெரியவரின் கையெழுத்து இருந்தது, ஆனால் படிவம் இங்கிலீஷில், என்ன அறுவை, என்ன ஆபத்து என்ற இடமெல்லாம் காலி. அட்மிஷன் போடும்போதே ஏழெட்டுக் காகிதத்தில் மொத்தமாகக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் நம் ஊர் முழுக்க இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு சமீரா கோலி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: என்ன செய்யப்போகிறோம், எதற்கு, வேறு வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று போதுமான அளவு சொல்லி வாங்கினால்தான் அது ஒப்புதல், ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதலை இன்னொன்றுக்கு நீட்ட முடியாது, உயிரைக் காக்கும் அவசரம் தவிர. மறுப்புக்கும் இதே கணக்குத்தான். ‘இன்றே மதுரை போகாவிட்டால் கால் போகலாம், உயிரும் போகலாம் என்று டாக்டர் சொன்னார், கல்யாணம் முடித்துவிட்டுப் போகிறோம்’ என்று மகன் கையாலேயே தமிழில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். மிரட்டுவதற்கு இல்லை. ‘கால் போகலாம்’ என்று தன் கையால் எழுதும்போது பாதிப் பேருக்குக் கை நிற்கும். அந்தக் கல்யாண வீட்டில் அன்றைக்கு ராத்திரியே கார் மதுரைக்குக் கிளம்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன். டாக்டர் சொன்னது உண்மைதான், ஆனால் எவ்வளவு அழுத்திச் சொன்னார்? மகன் காதில் விழுந்தது, மதுரையிலும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க என்கிற மாதிரிதானாம்.

மூன்றாவது, கேஸ் ஷீட் தராதது. அதற்குச் சாக்கே இல்லை.

உத்தரவு வர இரண்டரை வருடம் ஆனது. சட்டத்தில் மூன்று மாதம் என்று போட்டிருக்கிறது, படித்துச் சிரித்துக்கொள்ளலாம். மேல் சிகிச்சைக்கு அனுப்பவில்லை என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, கால் போனதற்கு முழுக் காரணம் டாக்டர் என்று சொல்ல முடியாது, காலதாமதத்தில் குடும்பத்துக்கும் பங்குண்டு, ஆனால் ரத்த ஓட்டத்தைப் பார்த்ததாகப் பதிவு இல்லாமல் அறுவை செய்தது, வெற்றுப் படிவம், ஆவணம் மறுத்தது ஆகியவை சேவைக் குறைபாடு என்று சொல்லி 2,50,000 ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் செலவுத் தொகையும் போட்டார்கள். என்னைக் கேட்டால் நியாயமான உத்தரவு. டாக்டர் பக்கம் நின்றவனே இப்படிச் சொல்லலாமா என்று அவர் மனைவிக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

டாக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்ததே, அது கொடுத்திருக்குமே என்பீர்கள். இங்கே இன்னொரு கூத்து. தொழில் பொறுப்புக் காப்பீடு மோட்டார் இன்சூரன்ஸ் மாதிரி இல்லை, பெரும்பாலும் புகார் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், சிகிச்சை கொடுத்த நாளும் பாலிசியில் போட்டிருக்கும் பின்தேதிக்கு அப்புறமாக இருக்க வேண்டும். வருடா வருடம் விடாமல் புதுப்பித்தால் அந்தப் பின்தேதி பழையதாகவே நிற்கும். நம் ஆள் நடுவில் நாலு மாதம் மறந்துவிட்டு மறுபடி புதிதாக எடுத்திருந்தார், பின்தேதி புதிய நாளுக்கு வந்துவிட்டது, பெரியவர் சிகிச்சை அதற்கு முன்னால். கம்பெனி ஒரு பக்கக் கடிதத்தில் கையை விரித்துவிட்டது. சொந்தப் பணத்தில் கட்டினார்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருந்தது, இரண்டு பேருமே போகவில்லை. டி.டி.யை வக்கீல் மூலம் கொடுக்காமல் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன், கூட நானும் போனேன். பெரியவர் முகப்பில் நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் செயற்கைக் கால் சாய்த்து வைத்திருந்தது. டாக்டர் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார். பெரியவர்தான், “உட்காருங்க தம்பி” என்றார். காபி வந்தது. மகன் உள்ளே இருந்து வரவில்லை. பெரியவர் தன் இடது காலை நீட்டி, இதுல ஒரு வெடிப்பு இருக்கு, பாத்துச் சொல்லுங்க என்றார். டாக்டர் தரையில் உட்கார்ந்து, பாதத்தைக் கையில் வாங்கி, மேல்புறம் ஒரு விரல், கணுக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் என்று வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

இப்போது அந்த நர்சிங் ஹோமில் ரிப்போர்ட் நோட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பைண்ட் செய்து வைக்கிறார்கள், கேஸ் ஷீட் நகல் கேட்டால் மறுநாளே கொடுக்கிறார்கள். 1,850 ரூபாய் மட்டும் கம்ப்யூட்டரில் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது. இதை எந்தத் தலைப்பில் எழுதித் தள்ளுவது என்று ஆடிட்டர் போன வாரம்கூட போன் பண்ணிக் கேட்டாராம்.